அலுவலகப் படிப்பில் அயல்மொழி ஆட்சி

வாலாசாபாத்து என்னும் ஊர்ப்பெயரிலேயே ஆர்க்காட்டு நவாபு முகமதலி வாலாசா இன்னும் அமர்ந்திருக்கின்றார். நவாபு ஆட்சியின் பாரசீகம் விட்டுச்சென்ற சொற்களுள் ஒன்று தாசில்தார். வெள்ளையனும் அதனைப் போற்றிக் காத்தான். இன்றோ அச்சொல் போயிற்று, வட்டாட்சியர் வந்தார். வானம் இடிந்து விழவில்லை. வரி தண்டுதலும் நின்றுவிடவில்லை. முனிசிபல் கமிசனர் நகராட்சி ஆணையர் ஆனார். ஆட்சித்தமிழுக்கு உழைத்த கீ. இராமலிங்கனார் வெறும் ஏட்டுப் புலவரல்லர். தாமே நகராட்சி ஆணையராய் இருந்து தமிழை அலுவலகத்தில் நடமாடவிட்டவர்.

இத்தகைய ஊரில் தறி நெய்வார் வீட்டுப் பெண்ணொருத்தி, பல்தொழில்நுட்பக் கல்லூரியில் அலுவலக நடைமுறைப் பட்டயம் பயிலப் போகின்றாள் எனக் கொள்வோம். கோப்பு வைத்தல், மடல் வரைதல், கணக்கெழுதல், தட்டச்சு, சுருக்கெழுத்து ஆகியவையே அவள் கற்க வேண்டியவை. ஆசிரியர் தமிழில் விளக்குவார். பாடத்திட்டமோ ஆங்கிலத்தில் இருக்கும். படித்து முடித்து, பேரூராட்சி அலுவலகத்தில் எழுத்தராய் அமர்வாள். தெருக்குழாயில் நீர் வரவில்லை என்று அவள் தெருவாரே முறையிடுவர். அதற்கு விடை தமிழில் எழுதவேண்டும். பொருள், பார்வை என்று தொடங்கும் மடல், குறிப்பாணை, சுற்றறிக்கை, தன்பதிவேடு, பகிர்மானப் பதிவேடு: இவற்றையெல்லாம் அன்றுதான் அவள் புதிதாய்க் கற்கத் தொடங்குவாள்! மூவாண்டுப் படிப்பு எதற்கு?

ஆட்சிமொழி தமிழே என்று சட்டம் செய்தது 1956இல். அரசுப் பணியாளர் தேர்வாணையமும், தட்டச்சர் பணிக்குத் தமிழில் முதுநிலையும் ஆங்கிலத்தில் இளநிலையும் தேறியவரையே, மாறித் தேறியவருக்கு முன்னே நிறுத்துகின்றது. 2021ஆம் ஆண்டின் அரசாணையோ, தமிழ்த்தாளில் தேறாதார்க்கு அரசுப்பணி இல்லை என்றது. வாயிலில் தமிழ் கேட்கும் அரசு, வகுப்பறையில் ஆங்கிலம் புகட்டுவது என்ன முறை?

தமிழில் இயலாது என்பார்க்கு இரா. முத்தையாவை நினைவூட்டுவோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் அலுவலகப்பணி ஆற்றிய அவரே தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு வழிகண்டவர். அலுவலகத் தொழிலறிந்த ஒரு தமிழன் தன் மொழிக்குச் செய்த தொண்டு அது. இன்னொன்றும் கேட்போம்: அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் 2010இலேயே தொடங்கப்பட்டன. பாலங்கட்டத் தமிழ் போதுமாம். மடல் எழுதப் போதாதாம்!

“தனியார் நிறுவனத்தார் ஆங்கிலமன்றோ கேட்கின்றனர்?” என்பர் சிலர். வாலாசாபாத்திலிருந்து வண்டலூர் செல்லும் சாலையில் ஒரகடம் இருக்கின்றது. அங்கே தொழிற்சாலை வைத்துள்ள செருமானியரும் சப்பானியரும் தத்தம் நாட்டில் எம்மொழியில் அலுவல் நடத்துகின்றனர்? தம் தாய்மொழியில்தானே! நம் பிள்ளைகள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்கட்டும், யாம் தடுக்கவில்லை. அலுவலகக் கல்வி முழுவதையும் அதனிடம் அடகு வைப்பதையே எதிர்க்கின்றோம்.

தமிழ் மாணவரே! அலுவலக நடைமுறைப் பட்டயத்தைத் தமிழ்வழியில் பயிற்றவும், பாடநூல்களைத் தமிழில் வெளியிடவும், தேர்வினைத் தமிழில் நடத்தவும் கோரித் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திற்கு இத்திங்களே மடல் எழுதுங்கள். பொருளும் பார்வையும் இட்டு, முறையான ஆட்சித்தமிழில் எழுதுங்கள். விடை ஆங்கிலத்தில் வருமாயின், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்வையில் குறித்து மீண்டும் எழுதுங்கள்.