காற்றை மறவற்க

பௌதிக நூலுட் புகும் மாணாக்கர் தொடக்கத்தில் ஓதும் விதிகளுள் ஒன்று, வீழும் பொருள்கள் யாவும், பாரமாயினும் இலேசாயினும், ஒரே வீதத்தில் வேகம் பெறும் என்பது. அதனையடுத்து, ‘காற்றின் தடையை ஒதுக்குக’ என்றொரு சிறு தொடர் நிற்கும். தேர்வை நோக்கிப் படிப்பார் அத்தொடரைக் கண்டு மகிழ்ந்து, காற்றை அன்றோடு மறந்துவிடுகின்றனர். இம்மறதி நன்றன்று என்பதே எம் கருத்து.

கல் விரைந்து வீழ்வதையும் சருகு அசைந்தசைந்து இறங்குவதையும் யாவரும் கண்ணாற் காண்கின்றோம். கண்ட காட்சியும் கற்ற விதியும் மாறுபடுங்கால், காட்சியைப் பொய்யென்று தள்ளுதலும் கல்வியன்று. விதியை நம்பாமலே நாவளவில் ஒப்புவித்தலும் கல்வியன்று. மாறுபாட்டின் காரணத்தை நாடுதலே கல்வியாம்.

கலிலியோ அவ்வாறே நாடினார். பாதரசத்திற் பொன் அமிழ, ஈயம் மிதக்கின்றது. காற்றிலோ இரண்டும் ஏறக்குறைய ஒருங்கே வீழ்கின்றன. ஊடகம் நொய்தாகுந்தோறும் வேற்றுமை குறைதலின், ஊடகமே இல்லாவிடத்து வேற்றுமையும் இராதென 1638ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அவர் துணிந்துரைத்தார். 1971இல், காற்றில்லாத சந்திரனில், டேவிட் ஸ்காட் என்பார் சுத்தியலையும் இறகையும் ஒருங்கே விட, அவை ஒருங்கே நிலஞ் சேர்ந்தன. எனவே, தடையை ஆராய்ந்தமையாலன்றோ விதி பிறந்தது! அத்தடையை மறந்து விதியை மட்டும் போற்றுதல், ஏணியை மறந்து மாடியைப் போற்றுதல் போலும்.

தடை வெறும் இடையூறுமன்று. 1000 மீட்டர் உயரத்தினின்று காற்றில்லா வெளியில் வீழும் மழைத்துளி, தரையை அடையுங்கால் நொடிக்கு 140 மீட்டர் வேகம் பெற்றிருக்கும். அத்தகைய மழையைத் தாங்குவார் யார்? காற்றிலோ, வேகம் மிகுந்தோறும் தடையும் மிகுந்து, துளியின் எடைக்கு நிகராகின்றது. அதன்பின் வேகம் வளர்வதில்லை. ஆதலின் 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துளி நொடிக்கு ஏறக்குறைய 6½ மீட்டர் வேகத்திலேயே வந்து சேர்கின்றது. முகிலிலுள்ள நுண்துளியோ நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே இறங்கும். மேலெழும் மெல்லிய காற்றே அதனைத் தாங்க வல்லது. முகில் வானில் நிற்றலும் மழை மெல்லெனப் பெய்தலும் இத்தடையின் பயனே.

“தொடக்கத்தார்க்கு எளிமை வேண்டியே காற்றை ஒதுக்கினர்” என்பார் உளர். அதனை யாம் மறுக்கவில்லை. சிக்கலை அவிழ்ப்பான் ஒவ்வோர் இழையாகவே பிரித்தல் வேண்டும். ஆயினும், பிரித்த இழையை எறிந்துவிடுதல் தகுமோ? ஒதுக்கியதை மீண்டும் எடுத்துச் சேர்க்குங்காறும் பாடம் நிறைவுறாது.

ஆகவே, யாம் வேண்டுவது மிகச் சிறிது. இவ்விதி ஓதப்படும் நாளிலேயே, ஒரே அளவான இரு தாள்களுள் ஒன்றை விரித்தபடியும் மற்றொன்றைக் கசக்கி உருட்டியும் வகுப்பில் ஒருங்கே வீழ்த்திக் காட்டுக. எடை ஒன்றே, வீழ்ச்சி வேறு. அதன் காரணத்தை மாணாக்கர் தாமே வினவட்டும். விடை பின்னர் வரட்டும்.