குழந்தையைத் தனியே விட்டது யார்?

‘குட்டையில் மூழ்கிக் குழந்தை பலி.’ இப்படியொரு செய்தி இல்லாமல் நமக்கு ஒரு கோடை விடுமுறையோ மழைக்காலமோ கழிவதில்லை. செய்தியின் நடுவே ஒரு வரி இருக்கும்: ‘பெற்றோர் கூலி வேலைக்குச் சென்றிருந்தனர்.’ டீக்கடையில் அதைப் படித்த உடனே தீர்ப்பு வந்துவிடும். “பெத்தா போதுமா, பாத்துக்க வேணாமா?”

குழந்தையைக் காப்பது பெற்றவர் கடமை. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கேள்வி கூலிக்காரத் தாயிடம் மட்டுமே கேட்கப்படுவதுதான் நமக்கு உறுத்துகிறது.

நம் சேரிகளில் நடவுக்கும் களையெடுப்புக்கும் பொழுது விடியும்போதே கிளம்பியாக வேண்டும். அங்கன்வாடி திறக்கும் நேரத்தில் தாய் சேற்றில் நிற்கிறாள். தூளியில் கிடக்கும் கைக்குழந்தையைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ள அங்கே வசதியும் இல்லை. பாட்டியும் கூலிக்குப் போகிறவள்தான். மிஞ்சுவது எட்டு வயது அக்கா. தம்பியை இடுப்பில் சுமக்கிற நாளில் அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. இரண்டு நாள் நின்றுவிட்டால் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

குழந்தை விழுந்த பள்ளம் தானாக வந்ததா? சவுடு மண் அள்ளியவர்கள் அதை மூடாமல் போனார்கள். பயனற்ற ஆழ்துளைக் கிணறுகளை மூட வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அதன் பிறகும் 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தையைப் பறிகொடுத்தோம். பள்ளம் தோண்டியவரையும், அதை மூட வைக்காத அதிகாரியையும் டீக்கடைத் தீர்ப்பு தொடுவதே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 75ஆவது பிரிவில் குழந்தையை வேண்டுமென்றே புறக்கணிப்பதைக் குற்றம் என்கிறது. ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வயிற்றுப்பாட்டுக்காக வேலைக்குப் போவதும் வேண்டுமென்றே கைவிடுவதும் ஒன்றல்ல.

உழைக்கும் தாயின் குழந்தையை அவள் ஒருத்தியின் பொறுப்பாகச் சட்டமும் விட்டுவிடவில்லை. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நலச் சட்ட முன்வரைவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், அந்தச் சுமையில் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்றார். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் பெண்கள் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கின. 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கும் அது விரிந்தது. ஆனால் வயலில் குனிந்து நாற்று நடுகிறவளுக்கு மட்டும் காப்பகம் இல்லை.

நூறு நாள் வேலைக்கு வழிசெய்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி காட்டியது. வேலைத்தளத்துக்கு வரும் பெண்களுடன் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி தர வேண்டும் என்றது. எத்தனை ஊரில் இது நடந்தது? சட்டத்தின் பெயர் மாறலாம். இந்த உரிமை போய்விடக் கூடாது.

2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு முன்னுரிமையும் உண்டு. ஊர்த்தெருவில் மையம் இருக்கிறதே என்பது பதிலாகாது. ரோட்டைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி மூன்று வயதுக் குழந்தை தனியாக நடந்து போகுமா?

நம் வீட்டுக்குள்ளும் பேச வேண்டியது இருக்கிறது. குழந்தையைப் பார்ப்பது தாய் வேலை மட்டுமல்ல. வேலை இல்லாத நாளில் டாஸ்மாக் வாசலில் நிற்கும் அப்பனும் பெற்றவன்தான். எட்டு வயதுப் பெண்ணைக் காவலுக்கு வைப்பது அவளுக்கும் செய்யும் அநீதி. நான்கு வீட்டார் சேர்ந்து, முறை வைத்து ஒருவர் நின்று குழந்தைகளைப் பார்த்துக்கொண்டால், மையம் வரும்வரை சமாளிக்கலாம்.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வீடு வீடாகக் கணக்கெடுங்கள். திறந்து கிடக்கும் பள்ளங்களையும் கிணறுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் மனுவாக எழுதி, தாய்மார்களின் கையெழுத்தோடு அடுத்த கிராம சபையில் கொடுங்கள். தீர்மானமாகப் பதிவு செய்யும்வரை எழுந்திருக்காதீர்கள்.

குழந்தை இறந்த பிறகு தாயைக் கேட்கிற கேள்வியை, குழந்தை உயிரோடு இருக்கும்போதே ஊராட்சியிடம் கேட்போம்.