பழைய எண், புதிய எண்

அசோக் தூணிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் எண்கள்தான். எண் போட்ட அவென்யூக்கள், எண் போட்ட தெருக்கள், தெருவுக்குள் போனால் கேட்டுக்குக் கேட் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. "தெருவாண்ணா, அவென்யூவா?" என்று டெலிவரி இளைஞர்கள் போனில் கேட்பது அசோக் நகர்வாசிகளின் காதுக்குப் பழகிப்போனது.

அதே பேட்டையில் பிஜி விடுதிகளில் தங்கி வெப் டெவலப்மென்ட் கற்கும் வெளியூர்ப் பிள்ளைகள் முதல் வாரத்தில் திணறுவதும் இந்த முகவரிச் சிக்கலில்தான். இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ என்ற பைத்தான் மொழிக் கருவியை இன்ஸ்டால் செய்ய ஒரு வரி தருகிறார்கள். அதை அடித்தால் பதிலுக்குப் பத்து வரி திட்டு வருகிறது. 'நமக்கு கோடிங் வராது போல' என்ற முடிவுக்கு அன்றே வந்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் கோடிங் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

ஜாங்கோ ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிறந்தது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்ட் நாளிதழின் இணையப் பிரிவில் இருந்த அட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும், செய்தியறையின் அவசரத்துக்கு ஈடுகொடுக்க 2003-இல் உருவாக்கிய கருவி அது. 2005 ஜூலையில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. பெயர், ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞருடையது. அவசர வேலைக்கென்று பிறந்ததை நிறுவத்தான் நம் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் ஆகிறது.

ஏன் என்று பார்த்தால், பெரும்பாலும் காரணம் அற்பமானது. விண்டோஸில் பைத்தானை நிறுவும்போது முதல் திரையின் அடியில் ஒரு சின்னக் கட்டம் வரும்: பைத்தானை 'பாத்' பட்டியலில் சேர்க்கவா என்று. டிக் இல்லாமல்தான் வரும். கவனிக்காமல் கடந்தால் பைத்தான் கணினிக்குள் குடிவந்துவிடும், ஆனால் எந்தத் தெருவில் என்று கேட்டால் கணினிக்குச் சொல்லத் தெரியாது. ஒரு கட்டளையை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்ற பட்டியல்தான் பாத். பட்டியலில் இல்லாத தெருவுக்குள் தபால்காரர் நுழைவதில்லை. விண்டோஸ் 10, 11-இல் கூடுதலாக ஒரு வேடிக்கை உண்டு. பைத்தான் என்று அடித்து அது கிடைக்காவிட்டால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். பிள்ளை அங்கிருந்தும் ஒன்றை இறக்கிவிடும். இப்போது வீட்டில் இரண்டு பைத்தான். பிப் என்ற நிறுவுகருவி, ஒன்றில் ஜாங்கோவை வைக்கிறது, ஓடுவதோ இன்னொன்று. 'ஜாங்கோ என்ற மாட்யூலே இல்லை' என்கிறது அது. பிப் சொன்னதும் பொய்யில்லை, இது சொல்வதும் பொய்யில்லை. புதிய எண்ணில் இறக்கிய பார்சலைப் பழைய எண்ணில் தேடுகிறார்கள், அவ்வளவுதான். வெறும் பிப் என்று அடிக்காமல் 'பைத்தான் -எம் பிப்' என்று அடித்தால், ஓடுகிற பைத்தானுக்கே பார்சல் போய்ச்சேரும்.

பதிப்புகளின் கதை இன்னும் கொஞ்சம் சிக்கல். யூடியூபில் கிடைக்கும் பழைய பாடங்களில் முகவரிகளை வரையறுக்க 'யூஆர்எல்' என்ற ஃபங்ஷனை இறக்கிக்கொள்ளச் சொல்வார்கள். 2021 டிசம்பரில் வந்த ஜாங்கோ 4.0 அதைத் தூக்கிவிட்டது. பாடம் சரி, பிள்ளை அடித்ததும் சரி, ஆனாலும் ஓடாது. 2023 டிசம்பரில் வந்த ஜாங்கோ 5.0, பைத்தான் 3.10-க்குக் கீழே இருந்தால் உள்ளே வராது. அண்ணனிடமிருந்து தங்கைக்கு வந்த மடிக்கணினியில் இன்னும் விண்டோஸ் 7 இருந்தால், அதில் ஏறும் கடைசி பைத்தான் 3.8. அங்கே பிப் சத்தமில்லாமல் ஜாங்கோ 4.2-ஐ எடுத்துவைத்துவிட்டுப் போய்விடும். வகுப்பில் 5 ஓடுகிறது, தங்கையிடம் 4.2. இதை யாராவது சொன்னால்தானே அவளுக்குத் தெரியும்?

சொல்வதில்லை என்பதுதான் இங்கே குறை. பல கல்லூரி ஆய்வகங்களிலும் பயிற்சி மையங்களிலும் எல்லாவற்றையும் முன்கூட்டியே நிறுவி வைத்துவிடுகிறார்கள். மாணவர் வந்து உட்கார்ந்து நிரலை அடித்தால் போதும். சமைத்துப் பழக வந்தவரிடம் இலை போட்டுப் பரிமாறுகிற உபசாரம் இது. 'கிளவுடில் எல்லாம் தயாராகக் கிடைக்கிறதே, இதெல்லாம் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் நாள் கையில் தரப்படும் காலி மடிக்கணினியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலேயே, வகுப்பில் யாரும் சொல்லித்தராத இத்தகைய கருவிப் பழக்கங்களுக்காக 2020-இல் 'விடுபட்ட செமஸ்டர்' என்ற பெயரில் தனிப் பாடம் நடத்தினார்கள். அதைவிட நம் ஊருக்குத் தோதானது 2014-இல் பெர்லினில் தொடங்கிய 'ஜாங்கோ கேர்ள்ஸ்'. பெண்களுக்கான இலவச ஒருநாள் பட்டறை அது. பட்டறைக்கு முந்தைய நாள் மாலை எல்லாரும் கூடி நிறுவும் வேலையை மட்டும் முடித்துக்கொள்வார்கள். மூன்று பேருக்கு ஒரு பயிற்றுநர். அந்த மாலையைத் தனியாக ஒதுக்கியவர்களுக்குப் பிரச்சினை எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்கிறது.

பிழைச் செய்தியைப் படிக்கவும் அங்கேதான் பழக்க வேண்டும். பைத்தானின் பிழைப் பட்டியலில் காரணம் பெரும்பாலும் கடைசி வரியில் இருக்கும். பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவில் முதல் இருபது வரி இருக்கும், அந்தக் கடைசி வரி மட்டும் வெட்டுப்பட்டிருக்கும். லினக்ஸ் வகையான உபுண்டுவில் 23.04 பதிப்பு முதல், பொதுப் பைத்தானில் எதையும் நேரடியாக நிறுவவிடாமல் பிப்பைத் தடுக்கிறார்கள். தனிச் சூழல் ஒன்றை உருவாக்கிக்கொள் என்று பிழைச் செய்தியே வழியும் சொல்கிறது. அதைப் படிக்காமல், 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற வாலை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறார்கள். கணினியின் பேக்கேஜ்களை உடை என்று தன் பெயரிலேயே சொல்லும் கட்டளை அது.

பயிற்சி மையங்கள் ஆறு மாதப் படிப்பில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம். காலி மடிக்கணினி, மூன்று பேருக்கு ஒரு சீனியர். ஜாங்கோ சரியாக அமர்ந்துவிட்டால் உலாவியில் ஒரு ராக்கெட் படம் வரும். எல்லார் திரையிலும் அது வந்த பிறகு முதல் வகுப்பைத் தொடங்கட்டும்.