சிலபஸைக் கையில் கொடு!



ஒவ்வொரு வருசமும் கல்லூரி திறந்து இரண்டு மாசத்துக்குள் நம்ம பிள்ளைகள் சிலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். கேட்டால், "பாடம் ஏறலண்ணே" என்கிறார்கள். தகுதி, தரம் என்று பேசுகிற கூட்டமும் இதையேதான் வேறு பாஷையில் சொல்கிறது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. பாடம் எவ்வளவு, எதுவரைக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்?

அப்பாவும் அத்தையும் பேராசிரியர்களாக இருக்கிற வீட்டில் இந்தக் கணக்கைச் சோற்றோடு பிசைந்து ஊட்டிவிடுகிறார்கள். எதை முழுசாப் படிக்கணும், எதைப் புரட்டினால் போதும், இன்டெர்னல் மார்க் எதற்கெல்லாம் என்று தெரிந்துகொண்டுதான் அந்தப் பிள்ளை வகுப்புக்கே வருகிறது. சேரியிலிருந்து முதல் ஆளாக வருகிறவர்கள் நூலக அலமாரி முன்னால் நின்று, இத்தனையும் படிக்கணும்போல என்று மலைத்துப்போகிறார்கள். மலைத்து நிற்கிறவர்களுக்கு மக்கு என்று பேர் வைத்துவிடுகிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு. செய்முறை என்றால் இரண்டு மணி நேரம். ஒரு செமஸ்டர் 15 முதல் 18 வாரம், வேலைநாள் 90. இது பல்கலைக்கழக மானியக்குழு வகுத்த அளவு. பேப்பருக்கு ஐந்து அலகு என்று வைத்தால் ஐந்து பேப்பருக்கு 25 அலகு. 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு இரண்டு அலகுகூட வராது. மலை மாதிரித் தெரிந்தது இப்போது வயக்காட்டு வரப்பு மாதிரி ஆகிவிடுகிறது. ஏறித் தாண்டலாம்.

புத்தகப் பட்டியலும் அப்படித்தான். பாடநூல் வேறு, பார்வை நூல் வேறு. முதலாவதைக் கூட உட்கார்ந்து படிக்கணும். இரண்டாவதில் தேவையான அத்தியாயம் போதும். பழைய கேள்வித்தாள்களை அலகுவாரியாகப் பிரித்து வைத்தால் பாதி பயம் போய்விடும். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஒரு நோட்டுப் போட்டு, புரியாத கலைச்சொல்லுக்கு எதிரே தமிழில் எழுதிக்கொண்டே வரட்டும். அந்த நோட்டை அடுத்த வருசம் வருகிறவர்களுக்குக் கொடுக்கட்டும்.

பாபாசாகேப் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகை மூன்று வருசத்துக்குத்தான். அந்தக் கெடுவுக்குள் அவர் எடுத்த பாடங்கள்: பொருளாதாரம் 29, வரலாறு 11, சமூகவியல் 6, தத்துவம் 5, மானிடவியல் 4, அரசியல் 3, பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. மேதை என்று கும்பிட்டுவிட்டுப் போக இதைச் சொல்லவில்லை. கையில் இருக்கிற காலத்தை எண்ணி, எண்ணிய காலத்துக்குள் படிப்பை அடுக்கிய ஒழுங்கைப் பாருங்கள். 1917இல் உதவித்தொகை முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் திரும்பினார். 1920இல் மறுபடியும் போனார், 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அரியர் விழுந்ததும் எல்லாம் முடிந்துபோச்சு என்று நினைக்கிற தம்பி தங்கைகள் இதை மறக்க வேண்டாம்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் படிக்கிற பிள்ளை தலையிலேயே கட்டுவதும் அயோக்கியத்தனம். உதவித்தொகை செமஸ்டர் முடிந்த பிறகு வந்தால் புத்தகத்தை எதைக் கொடுத்து வாங்குவது? ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு 2025இல் சமூகநீதி விடுதி என்று பேர் மாற்றினார்கள். பேர் மாறியது சரி, உள்ளே பாடநூல் அலமாரி எங்கே? முதல் நாளே சிலபஸ், புத்தகப் பட்டியல், மதிப்பெண் விதி மூன்றையும் ஒவ்வொரு மாணவர் கையிலும் கொடு என்று கேட்போம். இது சலுகை இல்லை, உரிமை.

அதுவரைக்கும் காத்திருக்கவும் முடியாது. இயக்கத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்க ஊர் விடுதியில் முதல் மாசம் வாரம் ஒரு சாயங்காலம் உட்காருங்கள். கூட்டம் வேண்டாம், மைக் வேண்டாம். சீனியர் நாலு பேர், புதுசா வந்தவர்கள் பத்துப் பேர், நடுவில் சிலபஸ். பெட்டி கட்டுகிற பிள்ளையைப் பஸ் ஸ்டாண்டில் போய்த் தடுப்பதைவிட இது சுலபம்.