குறை கண்டார்கள், பிறகு?

2023 ஆகஸ்ட் 23, ஜிம்பாப்வே தேர்தல் நாள். தலைநகர் ஹராரேயின் பல சாவடிகளில் மக்கள் விடியலிலேயே வந்து நின்றார்கள். வாக்குச்சீட்டுதான் வரவில்லை. பொழுது சாய்ந்தும் வரிசை கலையவில்லை. வாக்குப்பதிவு மறுநாளுக்கு நீண்டது. ஹராரே எதிர்க்கட்சியின் கோட்டை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான சாடெக், தேர்தலுக்கென 2004இல் மொரிஷியஸில் நெறிமுறைகள் வகுத்தது, 2015இல் திருத்தியது. அதன் பார்வையாளர்கள் பெரும்பாலும் பூச்செண்டு கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள். இம்முறை அப்படி இல்லை. குழுத் தலைவரான ஜாம்பியாவின் முன்னாள் துணை அதிபர் நெவர்ஸ் மும்பா, தேர்தலின் சில அம்சங்கள் அந்நாட்டு அரசமைப்புக்கும் சாடெக் நெறிகளுக்கும் பொருந்தவில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தார். ஆளுங்கட்சியினர் அவரைத் தூற்றினார்கள்.

துணிச்சல்தான், பாராட்டுவோம். பலன்? செப்டம்பர் 4இல் எம்மர்சன் மனங்காக்வா மீண்டும் அதிபராகப் பதவியேற்றார். தென்னாப்பிரிக்க அதிபர் ராமபோசாவும் விழாவுக்குப் போயிருந்தார்.

நெறியை மீறிய அரசைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அந்த ஆவணத்துக்கு இல்லை. பார்வையாளர் அறிக்கைக்கு உறுப்பு நாடு குறித்த கெடுவுக்குள் பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற விதியையாவது சாடெக் தலைவர்கள் அதில் சேர்க்க வேண்டும்.