மாறும் விதிகளும் மாறா உண்மையும்

 

"உண்மை என்று தனியாக ஒன்று இல்லை, அவரவர்க்கு அவரவர் உண்மை" என்னும் பேச்சு இன்று நம் இல்லங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. மத்ரஸாவின் மேல்வகுப்பு மாணவர்களும் இதையே வேறு சொற்களில் கேட்கின்றனர். இந்தியாவில் வாகனம் இடப்புறம் செல்ல வேண்டும், சவூதியில் வலப்புறம். சுவீடன் நாட்டில் 1967 செப்டம்பர் 3 அன்று ஒரே நாளில் இடம் வலமாயிற்று. நேற்றைய குற்றம் இன்றைய கடமையாகிவிட்டது. அவ்வாறாயின் ஹலாலும் ஹராமும் கூட இடத்தையும் காலத்தையும் பொறுத்தவைதாமே என்பது அவர்களின் வினா.

இக்கேள்வியைக் கண்டு பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. பிள்ளையை அதட்டி வாயடைப்பதும் முறையன்று. சாலை விதியையே சற்று ஆழ்ந்து நோக்கினால் விடை கிடைக்கும். எந்தப் பக்கம் செல்வது என்பது மனிதர்கள் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு. எதிரே வருபவரின் உயிருக்கு ஊறு விளைவிக்கலாகாது என்பது அவ்வேற்பாட்டின் அடித்தளம். சுவீடன் மக்கள் மாற்றியது பக்கத்தை, அடித்தளத்தை அன்று.

கடைத்தெருவிலும் இதுவே நிலை. படியும் வீசையும் போய்க் கிலோ வந்தது. ஆயினும் குறைத்து நிறுப்பது எந்த அளவையிலும் மோசடியே. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்திற்கு "அல்முதஃப்பிஃபீன்" என்று பெயர். அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோர் என்பது அதன் பொருள். எந்த அளவையைக் கொண்டு நிறுக்க வேண்டும் என்று அவ்வத்தியாயம் கூறவில்லை. எல்லா அளவையிலும் ஏமாற்றுவதைக் கண்டிக்கிறது. எல்லாம் சார்புடையது என்று வாதிடும் இளைஞரும் கடையில் எடை குறைந்தால், "அது கடைக்காரரின் உண்மை" என்று கூறித் திரும்பி வருவதில்லை. நியாயம் கேட்கிறார். அக்கணத்தில் தமக்கும் கடைக்காரருக்கும் பொதுவான ஒரு நீதி இருப்பதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

இனி, மார்க்கச் சட்டங்களுக்கு வருவோம். இங்கும் வேறுபாடுகள் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழல் நீங்கலாக, அதன் உயரத்திற்குச் சமமாகும்போது அஸர் தொடங்குகிறது என்பது ஷாஃபிஈ மத்ஹப். நிழல் இருமடங்காக வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பிரபலமான கருத்து. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களுக்கே இராக்கில் சொன்ன பழைய கருத்துகளும், எகிப்துக்குச் சென்ற பின் சொன்ன புதிய கருத்துகளும் உள்ளன. உண்மை ஆளுக்கு ஆள் மாறும் என்பதற்கு இவை சான்றாகுமா? ஆகா. ஒருவர் தம் கருத்தைத் திருத்திக்கொள்கிறார் எனில், அக்கருத்துக்கு வெளியே ஓர் உண்மை இருக்கிறது என்றும், அதனை நெருங்க வேண்டும் என்றும் அவர் நம்புகிறார் என்றே பொருள்.

நம் சட்ட அறிஞர்கள் இதற்குக் கிப்லாவை உவமை காட்டுவர். அறியாத ஊரில், இருண்ட இரவில், நால்வர் கிப்லாவைத் தேடுகின்றனர். தம்மால் இயன்றவரை ஆராய்ந்து நால்வரும் நான்கு திசைகளை நோக்கித் தொழுகின்றனர். ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்தவரே. ஆனால் அவர்கள் நான்கு திசை நோக்கியதால் கஅபா நான்காகிவிடுவதில்லை.

ஆய்ந்து தீர்ப்பளிக்கும் நீதிபதி சரியான முடிவை எட்டினால் இரு கூலிகள், தவறினால் ஒரு கூலி என்னும் கருத்துடைய நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. இரண்டு கூலி என்பதிலிருந்து, சரியான விடை ஒன்று இருக்கிறது என அறிகிறோம். ஒரு கூலி என்பதிலிருந்து, நேர்மையாகத் தேடியவர் தள்ளப்படுவதில்லை என அறிகிறோம். ஆய்வுக்கு உரிய விடயங்களில் ஆராய்ந்த அனைவருமே சரியானவர்கள் என்று கூறிய அறிஞர்களும் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுள் ஒருவர். எனினும் அவர்கூட ஐயத்திற்கு இடமின்றி உறுதியானவற்றுக்கு அந்தச் சலுகையை நீட்டவில்லை.

இவ்வாறு மாறுவதையும் மாறாததையும் நம் முன்னோர் தெளிவாகப் பிரித்து வைத்தனர். நாமோ இரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கிறோம். அத்தஹிய்யாத்தில் விரலை அசைப்பதா, தராவீஹ் எட்டா இருபதா என்பவற்றில் அணுவளவும் விட்டுக்கொடுக்க மறுக்கிறோம். இவற்றுக்காகப் பள்ளிகள் பிரிந்தன; உறவுகள் முறிந்தன. ஆனால் கைக்கூலி என்றால் "ஊர் வழக்கம்" என்கிறோம். மகளின் சொத்துப் பங்கு என்றால் "எங்கள் குடும்பத்தில் அப்படி இல்லை" என்கிறோம். அவரவர்க்கு அவரவர் உண்மை என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மஹர் என்பது மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டியது. மகளுக்குப் பங்கு உண்டு என்பது திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயத்தில் பின்னக் கணக்குடன் வகுக்கப்பட்டது. நான்கு மத்ஹபுகளும் அதில் ஒன்றுபட்டவை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. பல உள்நாட்டு ஊர்களில் இல்லை. வழக்கங்கள் மாறலாம், பங்கு மாறாது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டமும், வாரிசுரிமை போன்றவற்றில் வழக்காறு குறுக்கே நின்றாலும் ஷரீஅத்தே செல்லும் என்றது. "நகை போட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டோம்" என்பது விடையாகாது. தந்தை உயிருடன் இருக்கையில் கொடுத்தது அன்பளிப்பு. அவர் மறைவுக்குப் பின் சேர்வது உரிமை. "அக்காவே விட்டுக்கொடுத்துவிட்டார்" என்பதும் எப்போது செல்லும்? தம் பங்கு எவ்வளவு என்று அவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். அண்ணன் தம்பி வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்னும் அச்சமின்றி அவர் பேசியிருக்கவும் வேண்டும்.

விரலசைப்பிற்காகப் பள்ளியில் குரலுயர்த்தும் தந்தை, நிக்காஹ் பேச்சில் தொகையைக் கூட்டிக் கேட்பதை மகன் பார்க்கிறான். மார்க்கம் வசதியைப் பொறுத்தது என்னும் பாடத்தை அவன் கல்லூரியில் கற்கவில்லை. நம் கூடத்தில் அமர்ந்தே கற்றான். அவனிடம் எத்தனை ஆதாரங்களை அடுக்கினாலும் அவை காதில் ஏறா.

ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு விதியைச் சொல்லும்போது, இது இறைவன் வகுத்த வரம்பா, அறிஞர்களின் ஆய்வு முடிவா, நம் ஊர்ப் பழக்கமா என்று சேர்த்தே சொல்வோம். முதலாவதில் உறுதியாக நிற்போம். இரண்டாவதில் மாற்றுக் கருத்துடையவரை மதிப்போம். மூன்றாவதில், அது முதலாவதோடு மோதினால் தயங்காமல் கைவிடுவோம். உடன்பிறந்த சகோதரியின் பங்கு இன்னும் நம் கையில் இருக்குமாயின், கணக்குப் பார்த்து அவரிடம் ஒப்படைப்பதிலிருந்தே இதனைத் தொடங்கலாம்.

மாறாததை மாறாமல் காக்கவும், மாறுவதில் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.