கிடங்கில் உறங்கும் பணம்

தோழனே,

ஆலைக்குள் செல்கிறாய், இயந்திரங்களின் இரைச்சலைக் கேட்கிறாய், உழைப்பவன் உடலில் வழியும் வியர்வையைக் காண்கிறாய். ஆனால், அதே ஆலையின் பின்கட்டிலே, கம்பிவலைக் கதவுக்கு அப்பால், அரவமின்றிக் கிடக்கும் பண்டகசாலையை எட்டிப் பார்த்ததுண்டா? வேடமிட்டு அமர்ந்தும் மேடையேற அழைப்பு வராத நடிகர்களைப் போல, பேரிங்குகளும் பல்சக்கரங்களும் வால்வுகளும் அங்கே ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன.

காத்திருந்தால் கெடுவதென்ன என்கிறாயா? கெடுகிறது, தோழனே! பை பிரிக்காத ரப்பர் வளையம் இறுகி வெடிக்கிறது. பேரிங்கில் இட்ட கிரீஸ் உலர்கிறது. மாற்று மோட்டாரின் தண்டை அவ்வப்போது திருப்பி வைக்காவிடில், அக்கம்பக்கத்து அதிர்விலே குண்டுகள் ஒரே இடத்தில் உராய்ந்து தடம் பதிக்கின்றன. தூங்காமல் வளர்வது, கடன் பணத்துக்கான வட்டி ஒன்றே! யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். உதிரிப் பாகத்துக்கு அந்தப் பேறு ஏது? அதற்குரிய இயந்திரம் மடிந்த மறுநாளே அது எடைக்குப் போகும் இரும்பு.

குவித்தது யார்? இயந்திரம் விற்றவன் முதல் நாளே நீட்டினான், ‘ஈராண்டுத் தேவை’ என்றொரு பட்டியல். விற்க வந்தவன் எழுதும் பட்டியல் குட்டையாகவா இருக்கும்? 1991-க்கு முன்னர், வெளிநாட்டுப் பாகத்துக்கு இறக்குமதி உரிமம் பெறுவதே பெரும்பாடு. கிடைத்தபோது வாங்கிக் குவித்ததில் நியாயம் இருந்தது. அந்தக் காலம் போயிற்று; பழக்கம் போகவில்லை.

வேடிக்கை ஒன்று கேள். 6205 என்றொரு பேரிங். உள்துளை 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52. எந்த நிறுவனம் செய்தாலும் அளவு அதுவே. ஆயினும், பம்பு செய்தவன் அதற்கொரு எண் தருகிறான். மோட்டார் செய்தவன் வேறோர் எண் தருகிறான். பேரேட்டில் மூன்று பெயர், அலமாரியில் மூன்று குவியல். ஒரு குவியல் தீர்ந்ததும் ‘இருப்பு இல்லை’ என்று புதிதாக வாங்குகிறார்கள், மற்ற இரண்டும் பக்கத்து அலமாரியிலேயே இருக்க!

இதற்கெல்லாம் வேர் அறியாமை அன்று, அச்சம். பாகமின்றி ஆலை நின்றால் பொறியாளர் தலை உருளும். பயனற்ற பாகம் பத்தாண்டு கிடந்தால் எவர் தலையும் உருளாது. நிலைமை இதுவெனில், எவன்தான் குறைவாக வாங்குவான்?

இனி, மேலிடத்து வைத்தியத்தைப் பார். “இருப்பில் ஐந்திலொரு பங்கைக் குறை!” என்று ஆணை பறக்கிறது. கணக்கர் என்ன செய்வார்? செத்த சரக்கை விற்கக் குழு கூட வேண்டும், ஏலம் விட வேண்டும், நட்டம் எழுத வேண்டும். ஆகவே, வாரந்தோறும் செலவாகும் பெல்ட்டையும் பேரிங்கையும் வாங்காமல் நிறுத்துகிறார். கணக்கிலே எண் குறைந்தது. களத்திலே இயந்திரம் நின்றது! தொழிலாளியின் கையுறைக்கும் நிதியில்லை என்ற பதில் வருகிறது. துருவுக்கு மட்டும் நிதி உண்டு போலும்.

அதற்காக, அலமாரியையே துடைத்துவிடு என்பாரோடும் நான் உடன்படேன். 1997 பிப்ரவரி முதல் நாள், ஜப்பானில் ஐசின் நிறுவனத்தின் கரியா தொழிற்சாலை எரிந்தது. பிரேக் வால்வு ஒன்று கிடைக்காமல், டொயோட்டாவின் கார் ஆலைகள் சில நாட்கள் ஓய்ந்தன. அது காரில் பொருத்தும் பாகம்தான், உதிரிப் பாகம் அன்று; எனினும், சில மணி நேரத்துக்கு மட்டுமே இருப்பு வைத்தால் நேர்வதென்ன என்பதற்கு அது சாட்சி. வந்துசேர மாதங்கள் பிடிக்கும் பெரிய சுழலியைத் தொடாதே; ஒரே வகை இயந்திரம் ஓடும் நான்கு ஆலைகள் ஆளுக்கொன்று வாங்காமல், பொதுவில் ஒன்றோ இரண்டோ வைத்துக்கொள்ளட்டும். கடைவீதியில் மறுநாளே கிடைக்கும் போல்ட்டை ஐந்தாண்டுக்குச் சேர்ப்பானேன்?

இந்தப் பாகுபாட்டை மேசையிலிருந்து சதவீதம் போடுபவர் செய்ய இயலாது. எது அடிக்கடி முறிகிறது, எது ஒருநாளும் முறிந்ததில்லை என்பதைப் பழுது பார்ப்பவன் கை அறியும். அவனையும் பண்டகசாலைக் கணக்கரையும், அடுத்த கொள்முதல் ஆணை கையெழுத்தாகும் முன்னர், ஒரே மேசையில் அமர்த்துங்கள். அவன் ‘வேண்டாம்’ என்று சொன்ன பாகம் பின்னொரு நாள் தேவைப்பட்டுவிட்டால், அதற்காக அவன் மீது குற்றப்பத்திரிகை பாயாது என்று முதலில் எழுதிக் கொடுங்கள்.